இங்க் பேனா வாங்குறதுக்கு முன்னாடி: அந்தப் பேனா எங்க குடியிருக்கப் போகுது?

போன மாசம் அண்ணன் பொண்ணு போன் பண்ணா. லா காலேஜ் மூணாவது வருஷம். "சித்தப்பா, மூணு மணி நேரம் பால் பாயிண்ட்டை அழுத்தி அழுத்தி எழுதி நடுவிரல் காய்ச்சே போச்சு, நீங்க வீட்டுல வெச்சு எழுதுவீங்களே தடியா கருப்பா ஒரு பேனா, அது மாதிரி ஒண்ணு சொல்லுங்க, நம்ம ஊர்ல செஞ்சதா இருக்கட்டும், 2000 ரூபாய்க்கு மேல அப்பா தரமாட்டாரு, செமஸ்டர் இன்னும் 19 நாள்தான்"னு மூச்சு விடாம சொல்லி முடிச்சா. ஒரு வரியில பதில் சொல்லிடலாம்னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் பேசினேன், பேசினதை அப்படியே இங்க எழுதி வைக்கிறேன், இதே கேள்வியை வேற நாலு பேரும் கேட்டுட்டாங்க.

முதல்லயே சொல்லிடுறேன், நான் பேனா சேத்து வெக்கிற பெரிய ஆள் எல்லாம் இல்ல. ஹார்டுவேர் கடையில பில் போடுறவன். பில் புக்குல கார்பன் வெச்சு அழுத்தி எழுதணும், அங்க இங்க் பேனா சுத்தமா வேலைக்கு ஆகாது, அடிக்காப்பியில ஒண்ணுமே விழாது, அதனால பகல் பூரா பத்து ரூபாய் பால் பென்தான். ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்கு எழுதும்போதும் டைரி எழுதும்போதும்தான் இங்க் பேனா. பதினஞ்சு வருஷமா இதுதான் பழக்கம், வாங்கினது இருபதுக்கு மேல இருக்கும், உருப்படியா கையில நிக்கிறது நாலுதான். மீதி எல்லாம் நல்ல பேனா இல்லனு சொல்லமாட்டேன், தப்பான இடத்துல வெச்சுக்கிட்டேன், அவ்ளோதான்.

எல்லாரும் எந்த பிராண்டுனுதான் கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறது, அந்தப் பேனா நாள் பூரா எங்க இருக்கும்? சட்டைப் பையிலயா, முதுகுல மாட்டுற பேக்லயா, இல்ல மேஜை மேலயேவா? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடும்.

ஏன்னு சொல்றேன். நான் முதல்முதலா காசு கொடுத்து வாங்கின எபனைட் பேனா (கெட்டி ரப்பர்ல கடைஞ்சது) சொட்டு விடுற டைப். அதாவது உள்ள டியூப் கியூப் எதுவும் கிடையாது, பேனா உடம்பே இங்க் புட்டி, கழுத்தைத் திருகி எடுத்து, பில்லர்ல உறிஞ்சி நேரா உள்ள விடணும், நம்மள்ல பல பேர் ஸ்கூல்ல எழுதினது அதுலதான், பக்கத்துல இருக்குறவன் இங்க் தீர்ந்துபோச்சுன்னா பெஞ்சு மேல ரெண்டு சொட்டு விட்டு அவன் நிப்பை வெச்சு உறிஞ்சிப்பானே, அதே டைப். அதை ஒரு மே மாசம் வெள்ளைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு தாம்பரத்துல டவுன் பஸ் ஏறினேன். இறங்கும்போது நெஞ்சுல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீலம். ஒரு பாட்டி பயந்தே போச்சு. பேனா உடையல, விரிசலும் இல்ல, மூடியைத் திறந்தா உள்ள ஒரே இங்க்.

நடந்தது இதுதான். இங்க் கால்வாசிதான் மிச்சம் இருந்துச்சு, மீதி முக்கால்வாசி உள்ள காத்து. உடம்புச் சூடும் மே மாச வெயிலும் பட்டு அந்தக் காத்து விரியும், விரிஞ்சா போறதுக்கு ஒரே வழி நிப்புதான், போற வழியில இங்கையும் தள்ளிக்கிட்டு வெளிய வந்துடும். பேனா ஏப்பம் விடுதுனு நாங்க கிண்டலா சொல்றது இதைத்தான். எழுதும்போதும் இது நடக்கும், விரல் சூடுலயே சொத்துனு ஒரு பெரிய சொட்டு விழும். வேடிக்கை என்னன்னா, புல்லா இங்க் ரொப்பி வெச்சிருந்தா இந்தப் பிரச்சனை ரொம்பக் கம்மி, ஏன்னா விரியிறதுக்கு உள்ள காத்தே இல்ல. பாதிக்குக் கீழ போக விடாம ரொப்பிக்கிட்டே இருக்குறவங்களுக்கு சொட்டுப் பேனா மாதிரி ஒரு சுகம் கிடையாது.

அப்போ கன்வெர்ட்டர் பெட்டரானு கேப்பீங்க. கன்வெர்ட்டர்னா உள்ள மாட்டுற சின்ன டியூப், பின்னாடி திருகினா நிப்பு வழியா இங்க்கை உறிஞ்சிக்கும். அதுல காத்து இருக்குற இடமே கம்மி, நேரா கை சூடும் படாது, அதனால பேக்ல பைக்ல எல்லாம் தைரியமா கொண்டு போகலாம். ஆனா முக்கால் மில்லிதான் பிடிக்கும், சொட்டுப் பேனா சாதாரணமா 2.5, 3 மில்லி வாங்கிக்கும். என் கையெழுத்துக்கு பைன் நிப்புல, அதாவது மெல்லிசா எழுதுற நிப்புல, ஒரு கன்வெர்ட்டர் சுமாரா இருபது பக்கம் வருது. லா பரீட்சையில ஒரு பேப்பருக்கு முப்பது பக்கம் எழுதுறவங்க உண்டு. அங்கதான் சிக்கல், நடு ஹால்ல புட்டியைத் திறந்து வெச்சு உறிஞ்சிக்கிட்டு உக்கார முடியுமா? இதை மனசுல வெச்சுக்குங்க, கடைசியில வர்றேன்.

மூணாவதா பிஸ்டன். பேனா உடம்புக்குள்ளயே திருகுற பிஸ்டன் இருக்கும், நிறைய பிடிக்கும், புட்டியில நிப்பை முக்கி நேரா உறிஞ்சலாம். கான்பூர்காரங்க கான்ரைட்ல ஹெரிடேஜ்னு ஒரு மாடல் அப்படி வருது. நல்லாத்தான் இருக்கு, ஆனா கலர் மாத்தணும்னா கழுவிக் கழுவி கை ஓஞ்சிடும், முதல் பேனாவா நான் யாருக்கும் சொல்றதில்ல.

சரி, இப்ப என்னென்ன கிடைக்குதுனு பாப்போம்.

அடிமட்டத்துல கேம்லின், ஏர்மெயில், கிளிக், செர்வெக்ஸ் இந்த மாதிரி. பெரும்பாலும் ஐந்நூறுக்குள்ள முடிஞ்சிடும், சிலது நூறு ரூபாய்க்குக் கீழயே. இதை மட்டம்னு நினைச்சுக்காதீங்க. மும்பைக்காரங்களோட ஏர்மெயில், வாலிட்டி ரெண்டும் ஒரே வீட்டுப் பேருங்க, அதுல 69னு ஆரம்பிக்கிற மாடல் நல்ல தடியான சொட்டுப் பேனா, உள்ள இங்க் எவ்ளோ இருக்குனு வெளியவே தெரியிற கலர்கள்ல வரும், பெரிய கை இருக்குறவங்களுக்கு இந்த விலையில அதுக்கு ஈடே இல்ல. கேம்லின்ல டிரினிட்டி மாதிரி கார்ட்ரிட்ஜ், அதாவது இங்க் அடைச்சே வர்ற சின்ன டியூப், போடுறதும் உண்டு. இந்த ரகத்துல பிரச்சனை ஒண்ணே ஒண்ணு, ஒரே மாடல்ல அஞ்சு பேனா எடுத்தா அஞ்சும் அஞ்சு விதமா எழுதும். ஒண்ணு தேன் மாதிரி ஓடும், அடுத்தது பேப்பரை சுரண்டும். அதனால இதை ஆன்லைன்ல வாங்காதீங்க, ஸ்டேஷனரி கடைக்குப் போய் ஒரு இங்க் புட்டியைத் திறக்கச் சொல்லி, முக்கி எழுதிப் பாத்து எடுங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல.

நடுவுல கான்ரைட். இவங்க தனியா நிற்கிறது நிப்பால. இந்தியாவுல நிறைய பேர் பேனா உடம்பைத்தான் செய்வாங்க, நிப்பை வெளிய வாங்கிப் போடுவாங்க, கான்பூர்ல நிப்பையே சொந்தமா அடிக்கிறாங்க, பைன், மீடியம், பட்டையா எழுதுற பிராட், அழுத்தினா விரியிற பிளெக்ஸ்னு எல்லா ரகமும். டிசையர்ங்கிற மாடல் கன்வெர்ட்டரோட வரும், பெரிய ஆறாம் நம்பர் சைஸ் நிப்பு, ஆயிரம் ரூபாய் பக்கத்துல முடியும். நிப்பு யூனிட்டை அப்படியே திருகிக் கழட்டலாம், வேணும்னா வேற பாயிண்ட் வாங்கி மாட்டிக்கலாம். பாக்குறதுக்கு என்னமோ ஆபீஸ் பேனா மாதிரிதான் இருக்கும், கையில எடுத்தா ஒரு கர்வம் வராது. ஆனா வேலைக்காரப் பேனா.

அதுக்கு மேல எபனைட். இங்கதான் நான் நிதானம் இழந்துடுவேன், மன்னிச்சுக்குங்க.

எபனைட்னா ரப்பர்தான், ரப்பர்ல கந்தகத்தை நிறையக் கலந்து வேக வெச்சா டயர் மாதிரி வளையாம கொம்பு மாதிரி கெட்டியாயிடும். அந்தக் கம்பியை லேத்துல மாட்டி ஒவ்வொண்ணா கடைஞ்சு எடுக்குறாங்க. புதுசா வாங்கினதும் மூடியைத் திறந்து மோந்து பாத்தா பழைய சைக்கிள் கடை வாசனை லேசா வரும். பிளாஸ்டிக் மாதிரி விரல்ல சில்லுனு இருக்காது, அஞ்சு நிமிஷத்துல கைச்சூட்டுக்கு வந்துடும், வேர்த்தாலும் அவ்ளோ வழுக்காது, தடியா இருந்தாலும் வெயிட் கம்மி. இங்க் ரொப்பின எபனைட் பேனாவைப் பிடிச்சு எழுதும்போது பேனாவைத் தள்ளுற உணர்வே இருக்காது, பேப்பர் மேல வெச்சா போதும், அதுவே போகும். கை வலிக்குதுனு வர்றவங்களுக்கு இதுதான் நிஜமான மருந்து, ஏன்னா தடியான உடம்பு, விரலை இறுக்கிப் பிடிக்கத் தேவையே இல்ல.

நம்ம பக்கத்துலயே கிடைக்குதுங்கிறது பல பேருக்குத் தெரியல. சென்னை பாரிஸ்ல ஜெம் அண்ட் கோ கடையில காமா பேனா, ஹாக், குயில்னு மாடல் பேரு வைப்பாங்க. திருவள்ளூர்ல ரங்கா, அவங்க மூங்கில் கணு மாதிரி கடையிற ஒரு மாடலுக்கு உலகம் பூரா ஆள் இருக்கு. ஆசா பேனாவும் சென்னைதான். ஆந்திரா பக்கம் போனா ராஜமுந்திரியில ரத்னம், கைடர், ஹைதராபாத்ல டெக்கான்.

ரத்னம் கதை தெரிஞ்சிருக்கும். கே.வி. ரத்னம்கிட்ட, இந்த மண்ணுல எல்லாரும் பயன்படுத்துற மாதிரி ஏதாவது செய்யுங்கனு காந்தி சொல்ல, 1932ல பேனா வேலை ஆரம்பிச்சாங்க. ஆனா அந்தப் பேனா காந்தி கைக்குப் போனது யார் மூலமானு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க. நம்ம தஞ்சாவூர்ல பொறந்து, காந்தியோட கிராமத் தொழில் சங்கத்துல இருந்த ஜே.சி. குமரப்பா மூலமா. குமரப்பா வழியா அனுப்பின பேனாவை எழுதிப் பாத்தேன், வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாத்தா இருக்குனு 1935ல காந்தி ரத்னத்துக்குக் கடிதமே எழுதினாரு. அதனால ரத்னம் வாங்குறவங்க பாதிப் பேரு பேனா வாங்குறாங்க, பாதிப் பேரு கதை வாங்குறாங்க. ரெண்டும் தப்பில்ல, எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கினா போதும்.

எபனைட்ல குறை? உண்டு. வெயில் படுற ஜன்னல்ல வெச்சா கருப்பு மெல்ல மெல்ல பழுப்பா பாசி நிறமா மாறும். வெந்நீர்ல ஊறப் போட்டாலும் அதே கதிதான். பழைய பாணிப் பேனாவுல எல்லாம் சொட்டு விடுற டைப்தான், இப்ப ஆர்டர் கொடுக்கும்போது கன்வெர்ட்டரும் போடுற மாதிரி, வேணும்னா அதை எடுத்துட்டு சொட்டும் விடுற மாதிரி செஞ்சு தர்றாங்க, அதைக் கேட்டு வாங்குங்க. அப்புறம் கையில கடையிறது, ஆர்டர் கொடுத்தா நாளாகும். சொட்டு விடுறதா இருந்தா கழுத்து மரையில சிலிக்கான் கிரீஸ் ஒரு குண்டூசித் தலை அளவு தடவுங்க, வாசலின் போடாதீங்க.

விலையை ஏத்துறது உடம்பு இல்ல, நிப்பு. அதே பேனா உள்ளூர் நிப்போட ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும், ஜோவோ, பாக், ஷ்மிட்னு ஜெர்மன் நிப்பு போடச் சொன்னா நாலாயிரத்தைத் தாண்டிடும். என் அபிப்பிராயம் இது, சண்டைக்கு வராதீங்க: ஜெர்மன் நிப்பு வாங்குறது நிம்மதி வாங்குறது. வந்த அன்னைக்கே எழுதும். உள்ளூர் நிப்புல அதிர்ஷ்டம் கொஞ்சம் வேணும், ஒரு தடவை கூரியர்ல வந்த பேனாவுல நிப்போட ரெண்டு காலும் மேலயும் கீழயுமா நின்னுச்சு, லென்ஸ் வெச்சுப் பாத்து நகத்தால மெல்ல அழுத்தி சரி பண்ணேன், இப்ப வரைக்கும் என்கிட்ட இருக்குறதுல அதுதான் நல்லா எழுதுது. நோண்டுறது பிடிக்கும்னா உள்ளூர் நிப்பு வாங்குங்க. பிடிக்காதுன்னா காசை சேத்து வெச்சு ஜெர்மன் வாங்குங்க, ரெண்டுக்கும் நடுவுல இருந்துக்கிட்டு புலம்பாதீங்க.

இன்னொண்ணு, வெளிநாட்டு ரிவ்யூ எதைப் படிச்சாலும் இது வராது. தமிழ்ல எழுதுறவங்களுக்கு நிப்பு செலக்‌ஷனே வேற. கடையில பேனாவைக் கொடுத்ததும் எல்லாரும் எட்டு எட்டா சுழிப்பாங்க, இல்ல கையெழுத்து போடுவாங்க. எட்டு போட்டா எந்தப் பேனாவும் நல்லாத்தான் ஓடும். நான் எழுதிப் பாக்குறது 'எண்ணெய்'. ரெண்டு ண, ரெண்டு புள்ளி. பிராட் நிப்புல சின்ன எழுத்தா எழுதினா ணவோட சுழி மூணும் அடைஞ்சு போய் ஒரு கருப்பு உருண்டையா நிக்கும், ணவா னவானு திருத்துறவங்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம் புள்ளி. கோடு இழுக்கும்போது ஓடுற பேனா, தூக்கி மேல ஒரு தொடு தொட்டா சிலது இங்க்கே விடாது. முதல் தொடுதல்ல மக்கர் பண்ற நிப்பு இங்கிலீஷ்காரனுக்குப் பெருசா தெரியாது, அவனுக்கு ஐ மேலயும் ஜே மேலயும்தான் புள்ளி. நமக்கு ஒரு வரிக்கு எத்தனை! பத்துப் புள்ளியில மூணு விழலைன்னா அந்தப் பேனா தமிழுக்கு ஆகாது, கீழ வெச்சிருங்க. பாக்கெட்ல ஒரு துண்டுப் பேப்பர் கொண்டு போங்க, கடையில கொடுக்குற வழவழ பேப்பர்ல எல்லாமே நல்லா எழுதும்.

சுருக்கமா, தமிழுக்கு பைன். கையெழுத்து பெருசா இருந்தா மீடியம். பிராட் வேணும்னா கல்யாணப் பத்திரிகைக்கு பேரு எழுத வெச்சுக்கலாம்.

இங்க் பத்தி ரெண்டே வார்த்தை. பிரில், கேம்லின், செல்பார்க் எல்லாமே பேனாவுக்கு சாதுவான இங்க், ராயல் ப்ளூ தண்ணி பட்டா கரையும், அதனால சட்டையில பட்டாலும் போகும், விடைத்தாள்ல வேர்வை சொட்டினாலும் போகும்! கேரளா கிருஷ்ணாவுல கலர் அள்ளுது. கல்கத்தா சுலேகா 1934ல சுதேசி இங்க்கா ஆரம்பிச்சது, நடுவுல மூடிக் கிடந்து திரும்ப வந்திருக்காங்க, அதோட நீலத்தை நான் டைரிக்கு வெச்சிருக்கேன். டிராயிங் இங்க்கை மட்டும் தெரியாம ஊத்திடாதீங்க, அது உள்ள காஞ்சு பசை மாதிரி ஒட்டிக்கும், பேனாவுக்குப் பாடை கட்டிடலாம். பேப்பர்ல டிஎன்பிஎல் காப்பியர் ஷீட், கரும்புச் சக்கையில செய்யிற பேப்பர், கரூர் புகளூர் பக்கத்து மில்லு, அதுல இங்க் அவ்ளோவா ஊறாது, நான் டைரியே அதுல தைச்சு வெச்சிருக்கேன். பரீட்சை பேப்பர் நம்ம கையில இல்ல, ஊறுற பேப்பர்னா அதுக்கும் பைன் நிப்புதான் பதில்.

இப்ப அண்ணன் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவ பேனா குடியிருக்கப் போறது பேக்ல, காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். தமிழ்ல எழுதுறா. ஒரு பேப்பருக்கு முப்பது பக்கம். பட்ஜெட் 2000. நாள் 19.

ஆசைப்பட்டது எபனைட். கை வலிக்கும் அதுதான் சரி, ஒரு ரொப்புக்கு ரெண்டு பரீட்சை எழுதலாம். ஆனா சொட்டுப் பேனாவை பேக்ல போட்டுக்கிட்டு தினமும் பஸ்ல போகணும், பாதிக்குக் கீழ இறங்காம பாத்துக்கணும், பரீட்சை டென்ஷன்ல இருக்குற பொண்ணுகிட்ட அதை எதிர்பாக்க முடியாது, ஒரு சொட்டு விடைத்தாள் நடுவுல விழுந்தா போச்சு. கன்வெர்ட்டர் போட்ட எபனைட்னா அந்தப் பயம் இல்ல, ஆனா ஆர்டர் கொடுத்து 19 நாளுக்குள்ள கைக்கு வரும்னு நம்பி உக்கார முடியாது, வந்தாலும் பழக நேரம் வேணும். புதுப் பேனாவைப் பரீட்சை அன்னைக்குத்தான் முதல்ல திறக்குறது புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு திருப்பதி மலை ஏறுற மாதிரி.

அதனால நான் சொன்னது கான்ரைட் டிசையர், பைன், கன்வெர்ட்டர். உடம்பு எபனைட் அளவுக்கு இல்லன்னாலும் பால் பென்னைவிடத் தடிதான், அழுத்தத் தேவையில்ல. இருபது பக்கத்துல இங்க் தீர்ந்துடுமேனு கேட்டா, மிச்சக் காசுல கேம்லின்ல கார்ட்ரிட்ஜ் போடுறது ஒண்ணு, அதே நீல இங்க், பக்கத்துல தயாரா இருக்கட்டும். ரெண்டாவது பேனா இல்லாம எவ்ளோ விலை உசந்த இங்க் பேனாவையும் ஹாலுக்குக் கொண்டு போகக்கூடாது. ரெண்டும் சேர்ந்து 2000க்குள்ள அடங்கிடுச்சு.

பேனா வந்ததும் ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விம் விட்டு ரெண்டு தடவை உறிஞ்சி வெளிய விடச் சொன்னேன், புதுப் பேனா எதுவா இருந்தாலும் மிஷின் எண்ணெய் கொஞ்சம் உள்ள ஒட்டியிருக்கும், அப்புறம் நல்ல தண்ணியில நாலு தடவை. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. பழைய கொஸ்டின் பேப்பர் பின்பக்கம் பூரா எண்ணெய் எண்ணெய் எண்ணெய்னு எழுதி வெச்சிருக்கா, நாப்பது தடவை இருக்கும், பெருசு பண்ணிப் பாத்தேன், புள்ளி ஒண்ணுகூட விடல. கீழ சின்னதா, "சித்தப்பா, அந்தக் கருப்புப் பேனாவுக்கு இப்பவே ஆர்டர் போட்டுடுங்க, அடுத்த செமஸ்டர்க்குள்ள வந்துடும்ல".

கன்வெர்ட்டர் போடுற மாதிரிதான் ஆர்டர் போட்டிருக்கேன்.